ஆனர்ஸ் வகுப்புக்கு ஆசிரியர் எங்கே?

1948இல் செங்கல்பட்டில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவர் சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டு இன்டர்மீடியட், அதன்பின் மூன்று ஆண்டு கணித ஆனர்ஸ். அதே கல்லூரியில் வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்திலிருந்து வந்த இன்னொரு மாணவரும் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். முதலாமவர் சி. எஸ். சேஷாத்ரி, இரண்டாமவர் எம். எஸ். நரசிம்மன். 1953இல் இருவரும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். 1965இல் அவர்கள் இருவர் பெயரிலும் வெளிவந்த தேற்றத்தை இன்றும் உலகெங்கும் வடிவகணிதம் படிப்பவர்கள் கற்கிறார்கள்.

லயோலாவில் அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்று, 1937இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவருடைய வகுப்பைப் பின்தொடர்வது எளிதல்ல என்று அவருடைய மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த புதிய கணிதத்தின் புத்தகங்களை அவர் மாணவர் கையில் கொடுத்தார். அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். இளங்கலையில் ஆனர்ஸ் என்று ஒரு படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வகுப்பறைதான்.

இன்று இந்தியாவில் அந்தச் சொல் மறுபடி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தை முன்வைத்தது. சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன, ஒன்று ஏற்றுவிட்டுத் திரும்பியது. மூன்று ஆண்டா நான்கு ஆண்டா என்ற வாதமே எங்கும் கேட்கிறது. ஆனர்ஸ் இதுவரை எங்கெங்கே, எந்த வடிவில் இருந்தது, எதனால் பலன் தந்தது, எதனால் கெட்டது என்ற கணக்கைப் பார்த்துவிட்டு அந்த வாதத்துக்கு வருவது நல்லது.

இந்த ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் 1800ஆம் ஆண்டின் தேர்வுச் சட்டம் சாதாரணப் பட்டத்துக்கு மேலே, விரும்பியவர் எழுதும் கடினமான தேர்வு ஒன்றை ஏற்படுத்தியது. 1808இல் ராபர்ட் பீல் செவ்வியல், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினார்; பிற்காலத்தில் பிரதமரானவர் அவர். கேம்பிரிட்ஜில் அதற்கு முன்பே கணித டிரைபாஸ் தேர்வு புகழ்பெற்றிருந்தது. முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்லர் என்பார்கள், முதலிடம் பெற்றவர் சீனியர் ராங்லர். 1899இல் மராட்டியத்தின் ஆர். பி. பராஞ்சபே அந்த இடத்தைப் பெற்றபோது இந்தியாவே கொண்டாடியது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு பிலிப்பா ஃபாசெட் என்ற பெண் சீனியர் ராங்லரைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் அப்போது பட்டமே தருவதில்லை என்பதால் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

டிரைபாஸின் நோய் நமக்கு நன்றாகப் பழக்கமான நோய். தரவரிசையில் ஓரிடம் முன்னே வருவதற்காக மாணவர்கள் பல்கலைக்கழக விரிவுரைகளை விட்டுவிட்டுப் பணம் கொடுத்துத் தனிப் பயிற்சியாளர்களிடம் போனார்கள். பழைய வினாக்களை வேகமாகப் போடும் பழக்கமே கணிதம் என்றாகிவிட்டது. 1898இல் நான்காம் ராங்லராக வந்த ஜி. எச். ஹார்டி இதை வெறுத்தார், இந்தத் தேர்வு ஆங்கிலக் கணிதத்தையே பின்தங்க வைத்தது என்று போராடினார். 1909க்குப் பிறகு தரவரிசை நிறுத்தப்பட்டது. மாணவரைத் தேர்ந்தெடுக்கும் கருவியே படிப்பாக மாறிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அதே ஹார்டிதான் சில ஆண்டுகள் கழித்து நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை பச்சையப்பனிலும் கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் ராமானுஜன். கேம்பிரிட்ஜ் அவருக்கு 1916இல் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் தந்தது. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆனர்ஸை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. சாதாரண பி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பின் இரண்டு ஆண்டு, ஆனர்ஸ் மூன்று ஆண்டு. முழுக்க ஒரே துறை. முடித்தவர் தனியாக எம்.ஏ. தேர்வு எழுத வேண்டியதில்லை. உரிய காலம் கழிந்ததும் எம்.ஏ. பெற்றுக்கொள்ளலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த அண்ணாதுரை பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் ஆனர்ஸ் முடித்து எம்.ஏ. ஆனது இந்த வழியில்தான். மாநிலக் கல்லூரியின் இயற்பியல் ஆனர்ஸ் மாணவர் எஸ். சந்திரசேகர் படிக்கும்போதே எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930இல் பட்டம் வாங்கிய கையோடு கப்பல் ஏறினார், அந்தப் பயணத்தில் போட்ட கணக்கில் தொடங்கிய ஆய்வுக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பெயர்களைச் சொல்லி அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க நான் விரும்பவில்லை. ஆனர்ஸ் வகுப்புகள் சில கல்லூரிகளில் மட்டுமே இருந்தன. அங்கே வந்து சேரும் வாய்ப்பு யாருக்கு இருந்தது, எந்தச் சாதிகளுக்கு, எத்தனை பெண்களுக்கு என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும். 1956 வாக்கில் இன்டர்மீடியட் போய்ப் பி.யூ.சி.யும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தன. ஆனர்ஸ் மெல்ல மறைந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் தமிழ்நாடு ஊருக்கு ஊர் கலைக்கல்லூரி திறந்தது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளை இலட்சக்கணக்கில் உருவாக்கியது. இந்த இரண்டில் எது பெரிய சாதனை என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் அந்த விரிவாக்கத்தில் ஒன்று விடுபட்டுப்போயிற்று. ஒரு துறையில் ஆழமாக இறங்கும் ஆசையுள்ள மாணவருக்கு இளங்கலையில் இடமே இல்லாமல் போனது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1920களில் எழுந்தது. அங்கே இங்கிலாந்து போலத் தேர்வுப் பட்டியல் மரபு இல்லை. பென்சில்வேனியாவின் சிறிய கல்லூரியான ஸ்வார்த்மோருக்கு 1921இல் தலைவரானார் ஃபிராங்க் எய்டலாட். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பியவர். சராசரி மாணவரின் வேகத்துக்கு எல்லாரையும் நடக்க வைக்கும் பழக்கத்தை உடைக்க வேண்டும் என்று நினைத்து, 1922இல் ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்.

அதன் நடைமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கடைசி இரண்டு ஆண்டுகளில் விரும்பிய மாணவர்கள் வழக்கமான வகுப்புகளுக்குப் பதிலாகக் கருத்தரங்கு வகுப்புகளில் சேர்வார்கள். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஓர் ஆசிரியர். அந்த வாரத்துக்குரிய கட்டுரையை ஒரு மாணவர் எழுதி முன்கூட்டியே மற்றவர்களுக்குக் கொடுத்திருப்பார். மூன்று நான்கு மணி நேரம் பேச்சு ஓடும், நடுவில் சாப்பிட ஏதாவது வரும். ஆசிரியர் பேசுவது குறைவு. எழுதியவர்தான் தன் கட்டுரையைக் காப்பாற்ற வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளின் முடிவில் தேர்வு நடக்கும். வினாத்தாள் தயாரிப்பவரும், திருத்துபவரும், எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு நடத்துபவரும் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் அறிஞர்கள்.

இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் எய்டலாட்டின் நுட்பம் தெரிகிறது. மதிப்பெண் போடுவது தன் ஆசிரியர் இல்லை என்றானவுடன் ஆசிரியரும் மாணவரும் மேசையின் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரப்போகும் ஒருவரை எதிர்கொள்ள இருவரும் சேர்ந்து தயாராகிறார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணுக்குப் பயந்து ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கவே தயங்கும் நம் மாணவரை நினைத்தால், இதன் அருமை புரியும். நூறாண்டு கடந்தும் ஸ்வார்த்மோரில் அந்த முறை மாற்றங்களோடு தொடர்கிறது.

சிறிய கல்லூரியில் முடிந்தது பல்லாயிரம் பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் முடியுமா என்பது அடுத்த கேள்வி. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1935இல் பிளான் டூ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1956இலும், ஆரிகன் 1960இலும் தனி ஆனர்ஸ் கல்லூரிகளை அமைத்தன. பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சிறு கல்லூரி என்பது கருத்து. சிறிய வகுப்பு, கடைசி ஆண்டில் ஆய்வேடு, தனி ஆலோசகர் என்று அது பரவியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஆனர்ஸ் கல்லூரி 2001இல் தொடங்கியபோது, உள்ளூர் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்றது. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு.

கூடவே குறையும் வளர்ந்தது. ஆனர்ஸ் மாணவருக்குத் தனி விடுதி, பாடங்களை மற்றவருக்கு முன்பே தேர்ந்தெடுக்கும் உரிமை, உதவித்தொகை என்று சலுகைகள் சேர்ந்தன. சில இடங்களில் படிப்பைவிடச் சலுகைகளே விளம்பரத்தில் முன்னால் நின்றன. எல்லாருடைய வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் சிலருக்கு மட்டும் எட்டுப் பேர் வகுப்பு, மற்றவர்களுக்கு முந்நூறு பேர் அரங்கு என்பது நியாயமா என்ற கேள்வியை அங்குள்ள ஆசிரியர்களே எழுப்புகிறார்கள். ஆனர்ஸ் மாணவர்கள் அதிகம் தேறுகிறார்கள், மேற்படிப்புக்கு அதிகம் போகிறார்கள் என்று சொல்லப்படும் கணக்குகளையும் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் நன்றாகப் படித்தார்கள் என்று சொல்வது திட்டத்தின் பெருமையாகாது.

தமிழில் உயர்கல்வி நடக்கும் இன்னொரு நாட்டில் ஆனர்ஸ் மரபு அறுபடவே இல்லை. இலங்கையில் 1942இல் தொடங்கிய பல்கலைக்கழகம் பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்று இரண்டு வழிகளை வைத்தது. பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப் பட்டம் நான்கு. முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புக்கு எடுப்பார்கள். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று முதல் வகுப்பில் தேறியவர் க. கைலாசபதி. பின்னர் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். இப்போது அந்நாட்டின் தகைமைச் சட்டகம் சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட், ஆனர்ஸுக்கு 120 என்று வகுத்திருக்கிறது. சிறப்புப் பட்ட மாணவர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுகிறார். தன் ஊர்க் கோயில், தன் பகுதிக் கூத்து, தன் ஊர் எழுத்தாளர் என்று அங்குள்ள இளங்கலை மாணவர்கள் எழுதிய ஏடுகள் ஈழத்து உள்ளூர் வரலாற்றுக்குச் சான்றுகளாக நிற்கின்றன. நம் பல்கலைக்கழகங்கள் கடல் தாண்டிப் பார்க்கும்போது அமெரிக்காவை மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்கலாம்.

இனி இந்தியா. தில்லியில் ஆனர்ஸ் எப்போதும் இருந்தது, ஆனால் மூன்றாண்டுப் படிப்பாக. அங்கே ஆனர்ஸ் என்பது பெரும்பாலும் நுழைவின் கடினத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 2011இல் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு பி.காம். ஆனர்ஸ் கட் ஆஃப் 100 சதவீதம் என்று அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். 2013இல் தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டுப் படிப்பை அவசரமாகக் கொண்டுவந்து, 2014 ஜூனில் திரும்பப் பெற்றது. ஒரே ஒரு மாணவர் அணி அதில் மாட்டிக்கொண்டது. 2022இல் மறுபடி நான்காண்டு வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பெறலாம். ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். நான்காண்டு முடித்தவர் ஓராண்டில் முதுகலை பெறலாம், போதிய மதிப்பெண் இருந்தால் நேரே பிஎச்.டி.க்கும் போகலாம். கர்நாடகம் 2021இல் நான்காண்டைத் தொடங்கி 2024இல் மூன்றாண்டுக்குத் திரும்பியது. அதே 2024இல் கேரளம் நான்காண்டுக்குப் போனது. தமிழ்நாடு தேசியக் கொள்கையை ஏற்கவில்லை, மூன்றாண்டுப் பட்டத்தில் நிற்கிறது.

அந்தச் சட்டகத்தில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் நடத்தும் துறையில் பிஎச்.டி. வழிகாட்டியாக அங்கீகரிக்கப்பட்ட நிரந்தர ஆசிரியர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். நூலகமும் ஆய்வகமும் வேண்டும். நல்ல நிபந்தனை. ஆனால் அரசுக் கல்லூரிகளின் பல துறைகளில் வகுப்புகளைத் தாங்குவது கௌரவ விரிவுரையாளர்கள். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் அவர்களில் பலர் பிஎச்.டி. முடித்தவர்கள், திறமையானவர்கள். இருந்தும் அவர்கள் வழிகாட்டியாகக் கணக்கில் வரமாட்டார்கள். பணியிடங்களை நிரப்பாத கல்லூரியில் நான்காம் ஆண்டைத் திறந்தால், மாணவருக்கு ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டு வயதும் கூடும், வேறொன்றும் கூடாது.

ஓர் ஆய்வேடு இளங்கலை மாணவரை என்ன செய்யும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வரலாறு படித்த மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, தன் ஊர் ஏரியைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதினாள். முதலில் கொண்டுவந்தது இணையத்திலிருந்து எடுத்த பத்துப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங்கோடு. அதில் ஏரி என்றால் என்ன என்று இருந்தது, அவளுடைய ஏரி இல்லை. வழிகாட்டியான பேராசிரியை அதைத் திருப்பிக் கொடுத்து, “ஒன்ன விட அந்த ஏரியப் பத்தி இணையத்துக்கு என்னம்மா தெரியும்? வி.ஏ.ஓ. ஆபீஸ்ல அ-பதிவேட்டப் பாத்துட்டு வா” என்றார்.

அவள் போனாள். சர்வே எண்ணையும் பரப்பையும் எழுதிக்கொண்டு வந்தாள். “சரி, இப்ப கரை மேல நடந்து பாரு” என்றார். கலங்கலிலிருந்து கடைசி மடை வரை அப்பாவோடு நடந்தாள். பதிவேட்டில் நீர்ப்பிடிப்பு என்று இருந்த ஓரத்தில் வீடுகள் இருந்தன, ஒரு மடை மண்மூடிக் கிடந்தது. அந்த மடையில் முன்பு தண்ணீர் திறந்துவிட்ட பெரியவரைத் தேடிப் பிடித்து இரண்டு மாலை பேசினாள். நான்காவது திருத்தத்தில் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு வரியும் அவளுடையது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் பரப்பளவைச் சந்தேகித்தபோது, “பதிவேடு இப்படிச் சொல்லுது சார், நான் நடந்து பாத்தது இப்படி” என்று நிமிர்ந்து பதில் சொன்னாள். மூன்று ஆண்டில் அவள் ஓர் ஆசிரியரை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுடைய சராசரி 75 சதவீதம் கிடையாது. முதலாண்டு ஆங்கிலத்தில் அரியர் வைத்திருந்தாள். இன்றைய சட்டகத்தில் ஆய்வுக்கான தகுதி அவளுக்கு இருக்காது. கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் சென்னையில் பட்டம் கிடைக்காதவர் ராமானுஜன் என்பதையும், ஆய்வைப் பார்த்துப் பட்டம் தந்த இடம் கேம்பிரிட்ஜ் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லா மாணவரும் ராமானுஜன் இல்லைதான். ஆனாலும் ஆறு செமஸ்டர் சராசரி மனப்பாடத்தை அளக்கும் அளவுக்கு ஆராயும் ஆர்வத்தை அளக்காது. அந்தத் துறைப் பாடங்களின் மதிப்பெண், ஓர் எழுத்து மாதிரி, அரை மணி நேர உரையாடல் இவை மூன்றையும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் நியாயம் கிடைக்கும். முதலாண்டு மதிப்பெண்ணை மட்டும் நம்பும் இலங்கை முறைக்கும் இதே குறை உண்டு.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஆனர்ஸ் வந்தால் சாதாரணப் பட்டம் இரண்டாந்தரம் ஆகிவிடும், வசதியுள்ளவர் மட்டும் நான்காம் ஆண்டு படிப்பார், கிராமத்துப் பிள்ளை மூன்றாம் ஆண்டில் வெளியேறுவார் என்கிறார்கள். இந்த அச்சம் வெறும் அரசியல் பேச்சு என்று நான் தள்ளமாட்டேன். வேலைக்குப் போய்த் தங்கையைப் படிக்க வைக்க வேண்டிய மாணவருக்கு ஓர் ஆண்டு என்பது பெரிய தொகை. அதனால்தான் என் முடிவு இப்படி இருக்கிறது: நான்காம் ஆண்டு கட்டாயமில்லை. மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே, கடைசி இரண்டு செமஸ்டரில், விரும்பும் மாணவருக்கு ஆனர்ஸ் வழி ஒன்றைத் தரலாம். ஸ்வார்த்மோர் தன் திட்டத்துக்காகக் கூடுதல் ஆண்டு கேட்கவில்லை, உள்ள ஆண்டுகளின் பாடச்சுமையை மாற்றி அமைத்தது. 1978 முதல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் நம்மிடம் இருக்கின்றன. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. இரண்டு தாள்களுக்குப் பதில் ஓர் ஆய்வேடு, வெளியிலிருந்து தேர்வாளர், ஓர் ஆசிரியருக்கு நான்கு மாணவருக்கு மேல் இல்லை, அந்த நேரம் அவருடைய பணிநேரக் கணக்கில் சேர வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

லயோலாவிலிருந்து போன சேஷாத்ரி பம்பாயிலிருந்து சென்னைக்குத் திரும்பி, 1989இல் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். உலகத்தரமான ஆய்வு நிலையம் நடத்துபவர் இளங்கலை மாணவரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் பார்த்தார். 1998இல் அங்கே பி.எஸ்சி. ஆனர்ஸ் வகுப்பு தொடங்கியது. ஆராய்ச்சி செய்பவர்களே பதினெட்டு வயது மாணவருக்கு முதல் செமஸ்டர் பாடம் எடுக்கிறார்கள். 1950களில் ரசீன் தனக்குச் செய்ததை அவர் ஒரு நிறுவனமாக்கினார் என்றே நான் நினைக்கிறேன். சிறிய இடம், நாடு முழுவதிலிருந்தும் சிலரே சேர முடியும். நம் கலைக்கல்லூரிகளின் தமிழ், வரலாறு, தாவரவியல், பொருளியல் துறைகளில் அதற்கு இணையான ஒன்று எப்போது வரும் என்று உயர்கல்வித் துறையைக் கேட்க வேண்டிய நேரம் இது.

அதுவரை, பிள்ளையை ஆனர்ஸ் படிப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தையும் வளாகத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துறைத் தலைவரிடம் போய், நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஒருவர் எத்தனை ஆய்வேடுகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஏடுகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் உட்கார்ந்து பத்துப் பக்கம் படியுங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.